துடக்கில் ஆறிய புண்

நாக்கை நீட்டச் சொன்னால் எவ்வளவு பெரிய மனிதரும் கொஞ்சம் வெட்கப்படுவார். பல்லைக் காட்டுவதில் அந்த வெட்கம் இல்லை. சிரிக்கும்போது ஊருக்கே காட்டுகிறோம். நாக்கு அப்படியல்ல. ருசி பார்ப்பதும், பொய் சொல்வதும், கடவுளின் பெயரைச் சொல்வதும் அதே நாக்குத்தான். அதில் ஒரு புண் வந்து, அதை முன்பின் தெரியாத ஒருவருக்கு நீட்டிக் காட்டுவது லேசான காரியமில்லை. பல் வைத்தியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் முதலில் இதை மனதில் வைத்திருங்கள்.

ஓய்வு பெற்றவர்களைப் பேசக் கூப்பிட்டால் அவர்கள் வென்ற கதைகளைத்தான் சொல்வார்கள். என்னிடமும் அப்படிச் சில இருக்கின்றன. ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று யோசித்தபோது, எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்று இன்றுவரை எனக்கே விளங்காத ஒன்றுதான் முன்னால் வந்து நின்றது. ஒரு நாக்குப் புண்ணின் கதை. குழம்பினால் பயப்படாதீர்கள், நானும் உங்களோடு சேர்ந்துதான் குழம்பப் போகிறேன்.

யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்கில் அப்போது வைத்தியராக இருந்தேன். எனது வீடு குருநகரில். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கழுத்துச் சங்கிலியில் சின்னச் சிலுவை ஒன்று எப்போதும் கிடக்கும். அது இந்தக் கதைக்குத் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன்.

ஒரு நாள் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மனைவியைத் தவமணியக்கா என்று வைத்துக்கொள்வோம். என்னைவிடச் சில வயது மூத்தவர், ஐம்பதைத் தாண்டியிருந்தார். ஒரு முழங்காலை மடக்காமல் விறைப்பாக நடந்து வந்து சிகிச்சைக் கதிரையில் மெல்ல ஏறினார். நாக்கின் வலப்பக்க ஓரத்தில் ஒரு புண். நடுவில் வெள்ளை, சுற்றிச் சிவப்பு, பயறளவு.

"எப்ப தொடக்கம் இருக்குது அக்கா?"

"ஒரு கிழமை இருக்கும். வாறதும் போறதும்தான் டொக்டர்."

"வந்தா ஒண்டும் சாப்பிடமாட்டா," என்றார் கணவர். "தேத்தண்ணியும் ஆறவச்சுத்தான் குடிப்பா."

நாக்குப் புண் என்றால் நாம் என்ன கேட்போம் என்று உங்களுக்குத் தெரியும். உடைந்த பல்லின் கூர் ஏதும் உரசுகிறதா, கட்டுப்பல் போடுகிறவரா, வெற்றிலை உண்டா, சுடச்சுட ஏதாவது குடித்தாரா, நாக்கைக் கடித்துக்கொண்டாரா, சலரோகம் என்கிற நீரிழிவு இருக்கிறதா, இரத்தம் குறைவா, பல்வலிக்கு வலிக்குளிசையை விழுங்காமல் வாய்க்குள் அடக்கி வைத்தாரா? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றே பதில் வந்தது. இரத்தப் பரிசோதனையும் செய்வித்தேன். அதிலும் ஒன்றுமில்லை.

"என்ன வேலை செய்யிறீங்கள்?"

"வீட்டோடைதான்."

"நான் பிள்ளையார் கோயிலிலை பூவேலை பாக்கிறனான்," என்று கணவர் சொன்னார். "மாலை கட்டிக் குடுக்கிறது எங்கடை பரம்பரைத் தொண்டு."

அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். கணவரின் தொழிலுக்கும் மனைவியின் நாக்குக்கும் என்ன தொடர்பு?

இளஞ்சூட்டுத் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னேன். புளியையும் உறைப்பையும் குறைக்கச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் உறைப்பைக் குறைக்கச் சொல்வதும் மூச்சைக் குறைக்கச் சொல்வதும் ஒன்று. "ஓம் டொக்டர்" என்பார்கள். வீட்டுக்குப் போய்க் கறியில் ஒரு கரண்டித் தூளைக் குறைத்துவிட்டு, பெரிய தியாகம் செய்த முகத்தோடு திரும்பி வருவார்கள். புண்ணுக்கு மேல் மஞ்சள், சீனாக்காரம், கராம்பு என்று ஒன்றும் பூச வேண்டாம் என்றும் சொன்னேன். பெரும்பாலான நாக்குப் புண்களை நாம் ஆற்றுவதில்லை. தொந்தரவு செய்யாமல் விட்டால் அவை தாமாகவே ஆறிவிடும். இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகும் நிற்கிற புண்ணுக்குத்தான் நாம் தேவை.

தவமணியக்காவின் புண் நிற்கவில்லை. ஆறியது. அடுத்த மாதம் அதே இடத்தில் திரும்ப வந்தது. பிறகு ஆறியது. திரும்பவும் வந்தது.

இங்கேதான் என் குழப்பம் தொடங்கியது. சும்மா வருகிற வாய்ப்புண் இன்றைக்கு உதட்டில், அடுத்த முறை கன்னத்துக்குள் என்று இடம் மாறும். இது மாறவில்லை. புற்று ஒரே இடத்தில் இருக்கும், ஆனால் ஆறாது. இது ஆறியது. பல் உரசினால் ஒரே இடத்தில்தான் வரும், ஆனால் எந்நாளும் இருக்க வேண்டும். இதற்கு என்னவோ மாதக் கணக்கு இருந்தது. மாதவிடாயோடு வருகிற புண் என்று ஒன்று உண்டல்லவா, அது நினைவுக்கு வந்தது. கேட்டேன்.

"அது நிண்டு கன காலம் டொக்டர்," என்றார் தவமணியக்கா. கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த முறை பல் ஒவ்வொன்றையும் விரலால் தடவினேன். வலப்பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் இருக்கிற சின்னப் பல்லில் மெல்லிய பள்ளம் ஒன்று தெரிந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் தையற்காரருக்கு முன்பல்லில் அப்படி விழும்.

"தையல் தைக்கிறனீங்களோ அக்கா?"

"இல்லை. ஊசி நூலே தொடுறேல்லை."

பதில் கொஞ்சம் அவசரமாகத்தான் வந்தது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் பல் வைத்தியரைக் கண்டால் எல்லோரும் அவசரமாகத்தானே பதில் சொல்வார்கள்? அந்தப் பல்லை மினுக்கி மழமழப்பாக்கி விட்டேன். இரும்புச்சத்துக் குளிசையும் கொடுத்தேன். ஒன்று தவறினால் மற்றது பிடிக்கட்டும் என்ற எண்ணம்.

அதற்குப் பிறகு அவர்கள் கொஞ்சக் காலம் வரவில்லை. வந்தபோது நாக்கு பட்டுப்போல் இருந்தது. புண் இருந்த இடத்தையே தேட வேண்டியிருந்தது.

"ஏன் இவ்வளவு நாளும் காணேல்லை?"

"இவரின்ரை தமையன் மோசம் போயிட்டார். எங்களுக்குத் துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் ஒரு இடமும் வெளிக்கிடேல்லை."

செத்த வீட்டுத் துடக்கு என்றால் நான் விளக்கத் தேவையில்லை. அந்த நாட்களில் உறவுக்காரர் கோயிலுக்குள் கால் வைப்பதில்லை, கோயில் காரியம் ஒன்றையும் தொடுவதில்லை. நான் அனுதாபம் சொன்னேன். மனதுக்குள் என் இரும்புச்சத்துக் குளிசைக்கு ஒரு சபாஷும் சொன்னேன். பல்லை மினுக்கிய கைக்கும் ஒன்று.

அந்தச் சபாஷ் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. ஆவணி பிறக்கப்போகிற நேரத்தில் அவர்கள் திரும்ப வந்தார்கள். இப்போது புண் ஒரு சதக் காசளவு. மாதக் கணக்கு எல்லாம் போய்விட்டது. மூன்று கிழமைக்கு மேலாக ஆறாமல் அப்படியே நின்றது. கையுறை போட்ட விரலால் ஓரத்தைத் தொட்டேன். விளிம்பு கட்டியாக இருந்தது.

நாக்கின் ஓரம், ஆறாத புண், கட்டியான விளிம்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். நானும் எழுதியவள்தான். ஆனால் முழுதாக ஆறிய புற்றை எந்தப் பரீட்சையிலும் நான் கண்டதில்லை.

எனக்கு மேலதிகாரியாக இருந்து, ஓய்வு பெற்று நெல்லியடியில் இருந்த ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். நான் மதிக்கிற மனிதர்.

"முழுக்க ஆறினதோ?" என்று கேட்டார்.

"ஓம் சேர். அடையாளமே இல்லை."

"அப்ப புற்று இல்லை."

"ஆனா இப்ப விளிம்பு கட்டியாய்க் கிடக்குது சேர். மூண்டு கிழமையும் தாண்டிட்டுது."

"அப்ப வெட்டிச் சோதி."

"இரண்டிலை எதை நம்பிறது சேர்?"

"அதுதான் பிள்ளை எனக்கும் விளங்கேல்லை. எதுக்கும் வெட்டு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த நாள் இருவரையும் இருத்திச் சொன்னேன். நாக்கின் ஓரத்தில் சின்னத் துண்டு ஒன்றை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், விறைப்பு ஊசி போட்டுத்தான் எடுப்போம், நோகாது என்றேன்.

"நான் சொன்னன்தானே!" என்று கணவர் எழும்பிவிட்டார். "நாக்கைப் படம் எடுத்துக் கனடாவிலை இருக்கிற தம்பிக்கு அனுப்பினன். அவன் என்னத்தையோ தேடிப் பாத்திட்டுக் கான்சர் எண்டுறான். இவ ஒண்டுமில்லை எண்டுறா. நீங்கள் மாதத்துக்கு ஒரு கதை சொல்லுறியள். நான் ஆற்றை கதையைக் கேக்கிறது?"

அவர் கேட்டது நியாயம். தவமணியக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டொக்டர், அந்தத் துண்டைச் சோதிச்சா, புண் ஏன் வந்தது எண்டும் தெரியுமோ?"

தைரியம் கொடுக்க வேண்டும் என்று நினைத்து, "ஓம் அக்கா, எல்லாம் வடிவாய்த் தெரிஞ்சிடும்," என்றேன்.

அவருடைய முகம் வெளிறிவிட்டது. "அப்ப வேண்டாம்," என்றார்.

அந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை. புற்றுநோய்ப் பயம் என்று நினைத்தேன். எல்லோருக்கும் வருகிறதுதான். சமாதானப்படுத்த என்னிடம் பத்து வசனங்கள் தயாராக இருந்தன. நாலைந்தைச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு, "வேண்டாம் டொக்டர்," என்றார். வெளியில் வாங்குகளில் இருக்க இடமில்லாமல் சனம் காத்திருந்தது. நர்ஸ் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இன்னும் வற்புறுத்தினால் "ஓம்" என்று சொல்லிவிட்டுப் போவார், பிறகு ஒருநாளும் வரமாட்டார். விட்டுவிட்டால், அது உண்மையில் புற்றாக இருந்தால், ஒரு மனுசியின் நாக்கை என் கண் முன்னாலேயே இழக்க விட்டவள் ஆவேன். என்ன செய்வது என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

அவருடைய கேள்வியைத் திரும்ப நினைத்தேன். 'என்ன வருத்தம்' என்று அவர் கேட்கவில்லை. 'ஏன் வந்தது என்று தெரியுமா' என்றுதான் கேட்டார். புற்றுக்குப் பயப்படுகிறவர் அப்படிக் கேட்கமாட்டார். அது வேறு ஏதோ பயம்.

இதுவரை நான் கேட்டதெல்லாம் புண் எப்போது வருகிறது, என்ன செய்தால் வருகிறது என்பதுதான். எப்போது ஆறியது என்று கேட்கவே இல்லை. ஆறியதை என் குளிசையின் கணக்கில் எழுதிவிட்டிருந்தேன்.

"அக்கா, துடக்கு நாளையிலை புண் முழுக்க ஆறினது. அந்த நாளையிலை நீங்கள் என்னத்தைச் செய்யாமல் விட்டனீங்கள்?"

கணவர்தான் சொன்னார்: "என்னத்தைச் செய்யிறது? கோயிலுக்குப் போகேலாது, பூக் கட்டேலாது. கோயிலிலை பூவேலை பாக்கிற மற்றக் குடும்பம்தான் கட்டிக் குடுத்தது. இவ பாவம், சும்மா இருந்தா."

"பூ இவவோ கட்டுறது?"

"நான் ஆய்ஞ்சு கொண்டுவருவன். கட்டுறது இவதான்."

தவமணியக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சத்தமில்லை. கணவர் அதைக் காணவில்லை. நான் கண்டேன்.

"அண்ணை, இவவுக்குக் களைப்பாய் இருக்குது போலை. சந்தியிலை ஒரு இளநி வாங்கிக்கொண்டு வாங்கோ," என்று அவரை அனுப்பினேன். நர்ஸிடம் வெளியில் போய்க் கதவைச் சாத்தச் சொன்னேன்.

தவமணியக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு என் கழுத்துச் சங்கிலியைப் பார்த்தார்.

"டொக்டர், நீங்கள் வேதக்காரர்தானே?"

"ஓம்."

"உங்கடை ஆக்கள் செய்த பாவத்தைச் சுவாமியாரிட்டைச் சொல்லுறவையாம். அவர் ஆருக்கும் வெளியிலை விடமாட்டாராம். மெய்யோ?"

"மெய்தான். ஆனா நான் சுவாமியார் இல்லை அக்கா. பல் டொக்டர்."

"வாயுக்கை நடந்ததுதானே," என்றார்.

பிறகு சொன்னார். மாலை கட்டும்போது வாழைநாரின் ஒரு நுனியை எதிலாவது மாட்டி இழுத்துப் பிடிக்க வேண்டும். அவர்கள் வீட்டில் அதற்கென்று சுவரின் அடியில் ஓர் ஆணி இருந்தது, தரையில் இருந்து கட்டுகிறவருக்கு ஏற்றபடி. முழங்கால் மடங்காமல் போனபின் அவர் கதிரையில் இருந்தார். ஆணி எட்டவில்லை. ஒரு நாள் அவசரத்தில் நாரின் நுனியைக் கடைவாய்க்குள் வைத்துக் கடித்துப் பிடித்துக்கொண்டு கட்டினார். இரண்டு கையும் சுகமாக வேலை செய்தன. அடுத்த நாளும் அப்படியே செய்தார். விடியற்காலையில் உள்ளறையில் தனியாக இருந்து கட்டுவதால் யாரும் காணவில்லை.

"சாமிக்குக் கட்டுற பூவை மணந்துகூடப் பாக்கப்படாது டொக்டர். நான் எச்சில் நாரிலை கட்டிப் போட்டிருக்கிறன். ஐயருக்குத் தெரியாது, இவருக்குத் தெரியாது. தெரிஞ்சா இவற்றை பரம்பரைத் தொண்டு என்னாலை போயிடும். பிள்ளையாருக்குத் தெரியும். அதுதான் என்ரை நாக்கைப் பிடிச்சிருக்கிறார். துடக்கிலை நான் மாலையைத் தொடேல்லை, ஆறிச்சுது. திரும்பத் தொட்டன், வந்திட்டுது. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

"எந்நாளும் பூக் கட்டுறனீங்கள்தானே? ஏன் மாதத்துக்கு ஒருக்கா மட்டும் வந்தது?"

"மற்ற நாளையிலை செவ்வரத்தை, நந்தியாவட்டை. சதுர்த்திக்கு எருக்கலை. எருக்கலை கட்டினா அடுத்த நாள் வந்திடும்."

"இப்ப ஏன் மாறாமல் நிக்குது?"

"புண் மாறவேணுமெண்டு நேர்த்தி வச்சனான். ஆவணிச் சதுர்த்தித் திருவிழா முடியுமட்டும் ஒவ்வொரு நாளும் எருக்கலம் மாலை."

எருக்கலை! காம்பைக் கிள்ளினாலே வெள்ளைப் பால் வடியும். கண்ணில் பட்டால் கண் சிவந்து வீங்கும். அந்தப் பால் விரலில் ஒட்டி, விரலிலிருந்து ஈர நாரில் ஊறி, அந்த நார் ஒரே பல்லிடுக்கில் ஒரே பக்கம் கிடந்து நாக்கைச் சுட்டிருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை சுட்டதை ஆற்றுவதற்காக இந்த மனுசி ஒவ்வொரு நாளும் சுட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த நிம்மதியில் சிரிப்பே வந்துவிட்டது. அவருடைய முகத்தைப் பார்த்து அதை அடக்கினேன்.

"அக்கா, உது தண்டனை இல்லை. எருக்கலம்பால். ஆற்றை வாயிலை பட்டாலும் சுடும்."

அவர் யோசித்தார். "அது பிள்ளையாற்றை பூ டொக்டர். அவற்றை பூவின்ரை பால்தானே சுடுது? பேந்தென்ன வித்தியாசம்?"

சொல்லுங்கள், நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? எருக்கலை கட்டிய நாட்களில் புண் வந்தது, கட்டாத நாட்களில் ஆறியது. என் விளக்கத்துக்கும் அவருடைய விளக்கத்துக்கும் ஒரே சாட்சி. அதிலும் நான் அத்தனை மாதம் தேடியும் கண்டுபிடிக்காததை அவர் முதல் நாளே கண்டுபிடித்து மனதுக்குள் பூட்டி வைத்திருந்தார்.

ஆனால் கட்டியான விளிம்பு அப்படியேதான் இருந்தது. சுட்டுச் சுட்டுத் தடித்ததா, வேறு ஏதுமா என்று விரலால் சொல்ல முடியாது. இப்போதே வெட்டுவதா, விட்டுப் பார்ப்பதா என்று முடிவெடுக்க எனக்குக் கணவர் இளநியோடு வரும் நேரம்தான் இருந்தது. வெட்டு என்றால் தவமணியக்கா எழும்பிப் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் ஓர் உடன்படிக்கைக்கு வந்தேன்.

"நேர்த்தியை விடவேண்டாம். திருவிழா முடியுமட்டும் எருக்கலை கட்டுங்கோ. ஆனா நார் வாயிலை படப்படாது, கையைக் கழுவாமல் வாயைத் தொடப்படாது. திருவிழா முடிஞ்ச கையோடை வாங்கோ. அப்பவும் புண் இருந்தா மறுபேச்சில்லை, துண்டு எடுக்கிறது. வருவீங்களோ?"

"வாறன்."

"பிள்ளையார்மேலை சத்தியமோ?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஓம்," என்றார்.

கணவர் இளநியோடு வந்தார். இனி அவரிடம் என்ன சொல்வது? நான் கொஞ்சமும் முகம் மாறாமல் சொன்னேன்: "அண்ணை, இவ பூக் கட்டுற கதிரைக்குப் பக்கத்திலை நெஞ்சு உயரத்துக்கு ஒரு கொளுக்கி அடிச்சுக் குடுங்கோ. நாரை அதிலைதான் மாட்டவேணும். குனிஞ்சு கட்டினா நாக்குக்கு இரத்தம் ஏறிப் புண் ஆறாது."

அவரோடு உள்ளே வந்த நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். உலகத்தில் எந்த மருத்துவப் புத்தகத்திலும் அப்படி ஒரு வசனம் கிடையாது.

"உதை முதலே சொல்லியிருக்கலாமே டொக்டர்!" என்றார் கணவர்.

அந்தத் திருவிழாக் காலம் எனக்கு நிம்மதியாக இருக்கவில்லை. தவறு செய்கிறேனோ, ஒரு கொளுக்கியை நம்பி நாளைக் கடத்துகிறேனோ என்று மனம் அரித்தது. தேரன்று கிளினிக்குக்குப் போகும் வழியில் சனம் றோட்டை மறித்திருந்தது. நானும் இறங்கி ஓரமாக நின்றேன். பிள்ளையார் தேரில் வந்தார். கழுத்தில் பெரிய எருக்கலம் மாலை, வெள்ளையும் ஊதாவுமாக, நெருக்கமாகக் கட்டியது. சுற்றி நின்றவர்கள் கைகூப்பிக் கும்பிட்டார்கள். நான் அந்த மாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் பட்டதா, படவில்லையா? இவ்வளவு சனத்துக்குள் அந்த இரகசியத்தோடு நின்றவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். தவமணியக்கா எங்கே நின்றாரோ தெரியாது. எனக்கு அழுகை வந்தது. அது ஏன் என்றும் தெரியவில்லை.

திருவிழா முடிந்து தவமணியக்கா தனியாக வந்தார். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார். கதிரையில் ஏறி, நான் சொல்லாமலே நாக்கை நீட்டினார்.

புண் இல்லை. இருந்த இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று மட்டும். விரலால் அழுத்தினேன். மெத்தென்று இருந்தது. திரும்பவும் அழுத்தினேன். வெளிச்சத்தைத் திருப்பிப் பார்த்தேன். நர்ஸையும் பார்க்கச் சொன்னேன். பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"ஆறிட்டுது அக்கா."

அவர் துள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "எருக்கலை ஒரு நாளும் விடேல்லை," என்றார். "அப்ப அவர் மன்னிச்சிட்டாரோ, இல்லாட்டி உங்கடை கொளுக்கியோ?"

"எனக்குத் தெரியாது அக்கா."

அந்த நோயாளிக்கு நான் சொன்ன மிகச் சரியான பதில் அதுதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகும் நீண்ட காலம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரை வரச் செய்து நாக்கைப் பார்த்தேன். தம்பி தங்கச்சிமாரே, ஆறியது என்பதற்காகக் கைவிட்டுவிடாதீர்கள். ஆறாமல் நின்றால் வெட்டாமலும் விடாதீர்கள். நான் அன்றைக்கு நாள் கொடுத்தது காரணம் கையில் அகப்பட்டபடியால்தான். அகப்பட்டிராவிட்டால், அழுதாலும் கும்பிட்டாலும் துண்டு எடுக்காமல் அவரை விட்டிருக்கக் கூடாது.

அவர் கதிரையை விட்டு இறங்கவில்லை. கைப்பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். உள்ளே சின்ன எருக்கலம் மாலை.

"இது உங்கடை மாதாவுக்கு. கொளுக்கியிலை கட்டினது. வாய் படேல்லை."

நன்றி சொன்னேன். அவர் இன்னும் இறங்கவில்லை.

"டொக்டர், நாக்கு ஆறிட்டுது. முந்திப் போட்ட மாலையளுக்கு என்ன செய்யிறது?"

நான் பொட்டலத்தை மெல்லத் திரும்ப மடித்தேன்.

"உங்கடை சுவாமியார் எண்டா என்ன சொல்லுவார்?"

"ஏதும் செபம் சொல்லச் சொல்லுவார். பேந்து, இனிச் செய்யாதை, சமாதானமாய்ப் போ எண்டுவார்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

அவர் வெளிச்சத்தைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் சொல்லுங்கோ," என்றார்.

எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நான் சுவாமியாரும் இல்லை, ஐயரும் இல்லை. மாலை எனக்குப் போட்டதும் இல்லை. ஆனால் அவர் நாக்கை நீட்டுகிற அதே கதிரையில், அதே முகத்தோடு காத்திருந்தார். நான் கையுறையைக் கழற்றினேன். அவருடைய கையைப் பிடித்தேன்.

"இனிச் செய்யாதேங்கோ அக்கா. சமாதானமாய்ப் போங்கோ."

அவர் தலையாட்டினார். விறைத்த காலை மெல்ல ஊன்றி இறங்கி, கதவைத் திறந்துகொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து மாலையை மாதா சொரூபத்தின் கழுத்தில் போட்டேன். என் கணவர் வந்து பார்த்தார்.

"என்ன இது, மாதாவுக்கு எருக்கலம் மாலை?"

"ஒரு வருத்தக்காரி தந்தது."

"என்ன வருத்தம்?"

சொல்ல வாயெடுத்தேன். பிறகு அவர் சுவாமியாரைப் பற்றிக் கேட்டது நினைவு வந்து, "நாக்கிலை புண். ஆறிட்டுது," என்று மட்டும் சொன்னேன். விரலில் ஒட்டியிருந்த பாலைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டுத்தான் சாப்பிட இருந்தேன்.